காப்பி ஆகிக்கொண்டிருக்கிறார்கள்

காப்பி ஆகிறது. கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் பச்சைப் பட்டை பாதியைத் தாண்டிவிட்டது. ஆனால் அதை நம்பக் கூடாது, சற்று முன் இதோ முடிந்தது என்றது, இப்போது சாயங்காலம் ஆகும் என்கிறது, நடுவில் ஒருமுறை நாளைக்கு என்றுகூடக் காட்டியது. வெட்கமே இல்லாமல் பொய் சொல்கிறது. நான் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது, நான் முறைத்துப் பார்க்கிறதால் அது வேகமாகப் போகப்போவதும் இல்லை, இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. காலையில் மதுரைக்குப் பஸ் ஏறப் போகும்போது அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இதுதான்: "செண்பகா, ஒரு ஃபைல் குறையக் கூடாது. குறைஞ்சா இனிமே மிஷினத் தொடாத. நேரா திருப்பூர்." திருப்பூர் என்றால் சித்தி மகள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டுகிற வேலை. அது ஒன்றும் கேவலம் இல்லை, அவள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள், ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு குறையும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த நாற்காலி வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் போய், அந்தப் பக்கமாகச் சாய்ந்தே உட்கார வேண்டிய இந்த நாற்காலி. பிளஸ் டூ முடித்ததும் காலேஜ் வேண்டாம் என்று சொன்னது நான்தான், "அவளுக்குப் படிப்பு ஏறல" என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள், ஏறாமல் இல்லை, ஒருத்தர் பேசுவதை நாள்பூரா கேட்டுக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லை. இப்போது பாருங்கள், வாயே இல்லாத ஒரு பட்டையை நாள்பூரா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே போய்க்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் செத்தவர்கள். கோவில்பட்டியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் யார் செத்தாலும் போஸ்டர் இந்த அறையில்தான் தயாராகும், மாசிலா கிராஃபிக்ஸ், மாசிலாமணி என்பது அப்பா, கிராஃபிக்ஸ் என்பது இந்த ஒரு கம்ப்யூட்டர். கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, இரண்டாம் ஆண்டு, பிறகு மகன்களுக்குள் சண்டை வந்து நிற்கிறவரை எத்தனையாம் ஆண்டோ அத்தனையாம் ஆண்டு. டிசைனை இங்கே போடுவோம், அச்சடிப்பது மதுரைப் பிரஸ். அந்தப் பிரஸ்காரர் இப்போது புது சாஃப்ட்வேரில் அனுப்பினால்தான் வாங்குவேன் என்கிறார், அது எங்கள் பழைய விண்டோஸில் ஏறாது, அதனால் புது விண்டோஸ் போட வேண்டும், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். அண்ணன் இருந்தால் அவன் செய்திருப்பான். அவன் சென்னையில் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் போய்விட்டான். போனில் சொன்னான்: "மேலாப்புல புதுசு போட்டா பழைய குப்பையெல்லாம் கூடவே வரும் செண்பா. ஊருல உள்ள பென்டிரைவ் பூரா சொருகி வைரஸ் ஏறிக் கெடக்கு. சி, டி ரெண்டு டிரைவையும் சுத்தமா அழிச்சிட்டுப் போடு." அழிப்பது என்றால் அழிப்பதுதான், திரும்பி வராது, அதையும் சொன்னான், சொல்லிவிட்டு, "உன்னால முடியுமா, இல்ல நான் பொங்கலுக்கு வரும்போது செய்யட்டா?" என்று வேறு கேட்டான். பொங்கலுக்குள் நான் திருப்பூரில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன் என்பது அவனுக்குத் தெரியாதா. தெரியும். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, அவன் அப்படித்தான், நான் எதைச் செய்தாலும் பக்கத்தில் அவன் நிற்க வேண்டும் என்று நினைப்பான்.

பட்டை நகர்ந்தது. கொஞ்சம். இப்போது 'சட்டை' போகிறது. சட்டை என்பது ஒரு ஃபோல்டர். உள்ளே தலையில்லாத வெள்ளைச் சட்டைகள், மெலிந்த ஆளுக்கு, தொப்பை ஆளுக்கு, தோளில் துண்டு போட்டது, துண்டு போடாதது, கோட்டு சூட்டும் உண்டு, வெளிநாட்டில் மகன் இருந்தால் அதைக் கேட்பார்கள். பெண்களுக்குப் பட்டுச் சேலை ஃபோல்டர் தனி. சாகிறவர்கள் யாரும் போஸ்டருக்கென்று போட்டோ எடுத்து வைத்துவிட்டுச் சாவதில்லை. வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே ஒரு போனை நீட்டுவார்கள், அதில் அந்த மனுஷர் யார் கல்யாணத்திலோ வாயில் அப்பளத்தோடு இருப்பார், பனியனோடு ஆட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார், நான்கு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அப்பா தலையை மட்டும் வெட்டி எடுத்து ஒரு வெள்ளைச் சட்டைமேல் வைப்பார், பின்னால் மேகம், பக்கத்தில் விளக்கு. அதில் கஷ்டமான வேலை எது என்று என்னைக் கேட்டால் கை. போட்டோவில் ஒவ்வொருத்தர் தோளிலும் யாரோ கை போட்டிருக்கிறார்கள். கழுத்துவரைக்கும் வரும் அந்தக் கை. அதை எடுத்தால் கழுத்து கோணலாகும், அதைச் சரிபண்ணப் பாதி நாள் போகும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்த படம்தான் அவர் போஸ்டருக்கு வந்தது, அப்பா என்னை வெட்டிவிட்டார், ஆனால் காலர் பக்கம் இரண்டு விரல் மிச்சம் நின்றுவிட்டது, அவசரத்தில் கவனிக்கவில்லை. ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. பஸ் ஸ்டாண்டு சுவரில் நான் என் கிளாஸ் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன், அது என் விரல்டீ என்று. யாரும் நம்பவில்லை. ஒருத்தி அது காலர் பட்டன் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அடித்துவிட்டேன். பெரியப்பா செத்ததற்கு நான் அழுதேனா என்பது ஞாபகமில்லை, பட்டன் என்று சொன்னதற்கு அழுதது நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஃபேன் நின்று நின்று சுற்றுகிறது. இல்லை, நிற்கவில்லை, காற்றுதான் குறைகிறது, லோ வோல்டேஜ். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்த ஆரம்பிக்கும், கத்திக்கொண்டே கொஞ்ச நேரம் தாங்கும், பேட்டரி அப்படி, அதற்குள் பாதியில் நிறுத்த வேண்டும், பாதியில் நிறுத்தினால் எது போனது எது போகவில்லை என்று ஒவ்வொரு தலையாகப் பார்க்க வேண்டும். பாதி காப்பி ஆன ஃபைல் திறக்கும்போது மேல்பாதி முகமும் கீழ்ப்பாதி சாம்பல் கலருமாக வரும், பார்த்திருக்கிறேன், மூக்குக்குக் கீழே ஒன்றும் இருக்காது. இந்த மாதம் கரண்ட் நிறுத்தம் என்றைக்கு என்று பேப்பரில் போட்டிருப்பான், நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும், அண்ணனாக இருந்தால் பார்த்திருப்பானா, அவனும் பார்த்திருக்க மாட்டான், ஆனால் அவனுக்குக் கரண்ட் போகாது, அவனுக்கு எப்போதுமே போகாது. காப்பி ஆனதில் அங்கங்கே திறந்து பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, கண், மீசை, பொட்டு எல்லாம். டிஸ்க் அண்ணனுடையது, அதில் பாதியை அவனுடைய கல்யாண வீடியோக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, யாரோ எங்கேயோ தாலி கட்டியது, அதைத் தொடாதே என்றிருக்கிறான், அது கஸ்டமருடையது. அதனால் இடம் இறுக்கம். டி டிரைவில் 'வேஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் டிக் எடுத்துவிட்டேன். பெரியதும் அதுதான். அப்பா எத்தனையோ தடவை அதை அழி, டிரைவை அடைக்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார், அதனால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்கவும் இல்லை.

"யாரு இருக்கா? மாசிலாமணி அண்ணாச்சி?"

குருவம்மா அக்கா. கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கிங் வேலை, ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார், அவர் உள்ளே வருமுன்னே வெல்லப் பாகு வாசனை வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் கந்தவேலு லோடு ஆட்டோ ஓட்டினார், உடம்புக்கு முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார், வருஷா வருஷம் அக்கா வந்து போஸ்டருக்குச் சொல்வார். அப்பா இல்லை, சாயங்காலம் வாங்க என்றேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார்.

"என்ன பிள்ள ஓடுது?"

"காப்பி அக்கா. கம்ப்யூட்டர மாத்தப்போறோம், அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் இதுல ஏத்துறேன்."

"எங்க வீட்டு ஆளும் உள்ள இருக்காகளா?"

"இருக்காங்க. ஆளுங்கள்ல இப்ப க வரிசைதான். காப்பி ஆகிட்டு இருக்காங்க."

"பாத்து ஏத்து தாயி. கீழ கீழ போட்டுறாத" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அப்பா சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது, சிரித்திருக்கலாம், நல்ல மனுஷி. பிறகு அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். இந்த வருஷம் அந்த வெள்ளைச் சட்டை வேண்டாமாம். "அவுக என்னைக்கு வெள்ளச் சட்ட போட்டாக? ஆட்டோக்காரனுக்கு வெள்ளச் சட்ட தாங்குமா? என் மக வயித்துப் பேத்தி செவுத்துல இருக்க போஸ்டரப் பாத்துட்டு, இந்தத் தாத்தா வாத்தியாராங்கா. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. அன்னைக்கு அண்ணாச்சிகிட்ட நான் குடுத்தது குத்தாலத்துல எடுத்த படம். நீலத்துல கட்டம் போட்ட சட்ட. அது என் போன்லதான் இருந்துச்சு, அந்தப் போனு கம்பெனித் தொட்டியில விழுந்து போச்சு. இங்க இருக்கும்லா? அத எடு."

எடுக்கிறேன் என்றேன், அது ஒரு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன். கந்தவேலு ஃபோல்டரைத் திறந்தேன், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மேகம் வைத்தது, மேகம் வைக்காதது, தலை மட்டும் தனியாக. குற்றாலம் இல்லை. மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்தேன். இல்லை. தலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்துக்குக் கீழே ஓரத்தில் துளி நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் மிச்சம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்கிரீனைப் பார்க்க வேண்டியதுதானே, ஏன் என் முகத்தைப் பார்க்கிறார். அப்பா எப்படி வேலை செய்வார் என்று யோசித்தேன், தினமும் பின்னால் நின்று பார்ப்பதுதான், போனிலிருந்து படத்தை இறக்குவார், தலையை வெட்டுவார், தலையை அந்த ஆளின் ஃபோல்டரில் போடுவார், வெட்டியது போக மிச்சத்தை, மிச்சத்தை என்றால் முழுப் படத்தை, பிடித்து இழுத்து ஓரத்தில் விடுவார். ஓரத்தில் என்ன இருக்கிறது. வேஸ்ட்.

காப்பி ஓடும்போது வேறெதையும் திறக்காதே என்று அண்ணன் சொல்லியிருந்தான், திறந்தேன், பட்டை உடனே நின்றுவிட்டது, கோபித்துக்கொண்ட மாதிரி. படங்கள் ஒவ்வொன்றாகச் சதுரம் சதுரமாக வந்தன, மெதுவாக, பெயர் எதுவும் கிடையாது, நம்பர்தான். கல்யாண வீட்டுப் பந்தி. திருச்செந்தூர்க் கடற்கரை. மொட்டை போட்ட குழந்தைகள். யாரோ யார் வாயிலோ கேக் ஊட்டுகிறார்கள். தோள்மேல் கை, தோள்மேல் கை, இடுப்பில் பிள்ளை, காதைப் பிடித்துத் திருகுகிற கை. நான் இதற்குள் வந்ததே இல்லை. வேஸ்ட் என்றால் குப்பை, குப்பைக்குள் யார் போவார்கள். அக்கா ஸ்டூலை முன்னால் இழுத்துவிட்டார். "ஏ, இது மேலத் தெரு ராசாத்தி. இவ ஏன் இதுல கெடக்கா? இவ உசுரோடதான இருக்கா?"

"அது அவங்க வீட்டுக்காரர் படம் அக்கா. அவரை எடுத்தாச்சு. அவங்க இங்க."

"சரிதான். செத்தா நல்ல எடம், உசுரோட இருந்தா வேஸ்ட்டா" என்றார், கோபமாக இல்லை, அது பாட்டுக்குச் சொன்னார். அடுத்து, "அந்தா அந்தா, நிறுத்து" என்று என் கையைப் பிடித்தார். அவர் விரல் பிசுபிசுவென்று இருந்தது. அருவி பின்னால் வெள்ளையாகத் தெரிகிறது, கட்டம் போட்ட நீலச் சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருக்கிறது, கந்தவேலு பல் தெரியச் சிரிக்கிறார், அவர் தலையைத் துண்டால் அழுத்தித் துவட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் குருவம்மா அக்கா, வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. திட்டுகிறார் என்று நினைக்கிறேன். போஸ்டரில் அந்தத் துண்டு இல்லை, அந்தக் கை இல்லை, சிரிப்பையும் அப்பா கொஞ்சம் மூடியிருந்தார், அஞ்சலிக்குப் பல் தெரியக் கூடாது என்று. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று பயந்தேன், எனக்கு அழுகிறவர்கள் பக்கத்தில் இருக்கத் தெரியாது. அவர், "எவ்வளவு சதையா இருந்திருக்கேன் பாரேன்" என்றார். பிறகு, "இப்படியே குடு. என்னை வெட்டாத" என்றார்.

"போஸ்டர்ல உயிரோட இருக்கவங்களப் போட மாட்டாங்க அக்கா. அப்பா ஒத்துக்க மாட்டார்."

"போஸ்டரு கெடக்கட்டும். அதுலதான் எம்பேரே வரதில்லையே, 'மற்றும் குடும்பத்தினர்'னு கடைசில ஒரு வரி, அதான நானு. போஸ்டரு என் கொழுந்தன்மார் போடட்டும். இது வீட்டுக்கு."

அக்கா கையில் இப்போது பட்டன் போன்தான், அதனால் அவர் மகள் போனுக்கு அனுப்பினேன். போய்விட்டது, இரண்டு டிக் விழுந்தது. அதற்குள் பட்டையும் ஒரு வழியாக முடிந்து மூடிக்கொண்டது. எல்லாம் ஏறிவிட்டது. அப்பா கேட்கிற எதுவும் குறையவில்லை, தலைகள், சட்டைகள், மேகங்கள், விளக்கு, தமிழ் எழுத்து ஃபாண்டு எல்லாம். புது விண்டோஸ் பென்டிரைவில் தயாராக இருக்கிறது, சொருகிவிட்டேன், அழிக்கட்டுமா என்று கேட்கும், ஆமா என்றால் முடிந்தது. அக்காவுக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன. ஒன்றும் இல்லை. அப்பா வருவார், பார்ப்பார், எல்லாம் இருக்கும், நாற்காலி எனக்கு. வேஸ்ட்டை அழி என்று அவரே சொன்னதுதானே, அழித்தால் நல்லதுதான் செய்தேன் என்பார். ராசாத்தி வந்து கேட்கப்போகிறாளா, அவளிடம் படம் இருக்கும், இருக்குமா, அந்தக் கேக் ஊட்டினவர்கள் யார், அவர்கள் போன் எந்தத் தொட்டியில் கிடக்கிறதோ, எனக்கென்ன, நான் என்ன ஊருக்கெல்லாம் காவலா, இதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அழித்திருப்பேன், பார்த்துத் தொலைத்துவிட்டேன். டிஸ்க்கில் இடம் இல்லை. சட்டை ஃபோல்டரை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா, நாளைக்கே ஒருத்தர் செத்தால் எதைப் போடுவது, அப்பா என்னையே கொன்றுவிட்டு எனக்குச் சட்டை தேடுவார். அண்ணனின் கல்யாணங்களைத் தொட முடியாது. இன்றைக்கு முடிக்க முடியாது என்று சொல்லலாம். சொன்னால் முடியாதவள் ஆகிவிடுவேன். முடிக்கலாம், முடித்தால் குறைந்திருக்கும், ஆனால் குறைந்தது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் என்ன. தெரிந்துகொண்டே தினமும் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அதுதான். மவுஸில் கை வியர்த்துவிட்டது, வெல்லமும் வியர்வையும் சேர்ந்து பிசுபிசுக்கிறது, அக்கா இன்னும் எழுந்து போகவில்லை, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பேத்திக்குக் காட்டச் சொல்லி மகளிடம் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

என் போன் அடித்தது. அப்பா.

"முடிஞ்சுதா?"

"இல்லப்பா."

"என்ன இல்ல? காலையில இருந்து என்ன பண்ணுன? உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்."

"ஆமா, முடிச்சிருப்பான். வேஸ்ட்ட அழிச்சிட்டு முடிச்சிருப்பான்."

"அது வேஸ்ட்டுதான பிள்ள."

"அதுலதான்ப்பா முழுப் படமெல்லாம் கெடக்கு. நீங்க தலைய எடுத்துட்டு அங்கதான் போட்டுருக்கீங்க. வேற எங்கயும் இல்ல. குருவம்மா அக்கா வந்து கேட்டாங்க, அதுலதான் கெடச்சுது. இன்னும் ஊர்ல பாதிப் பேரு அதுலதான் இருக்காங்க. டிஸ்க்ல எடம் பத்தல. எடம் இல்லாம நான் அழிக்க மாட்டேன். திருப்பூர் போகணும்னா போறேன்."

கடைசி வாக்கியம் நான் சொல்ல நினைக்காதது. வாயிலிருந்து போய்விட்டது. போனில் மதுரை இரைந்தது, ஆட்டோ ஹாரன், யாரோ தண்ணீர் பாக்கெட் விற்கிறான். அப்பா வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை, கோபமா, வெயிலா.

"எவ்வளவு பெரிய டிஸ்க்கு வேணும்?"

"என்னது?"

"வேஸ்ட்டும் சேர்ந்து ஏறணும்னா எவ்வளவு பெருசு வாங்கணும்? இங்க கடைத் தெருவுலதான் நிக்கேன். செல்வத்துக்குப் போட்டுப் பாத்தேன், அவன் எடுக்கல."

அண்ணன் எடுக்காததால்தான் என்னிடம் கேட்கிறார். சரி, இருக்கட்டும், எடுக்காமல் இருந்தானே. "ரெண்டு டிபி" என்றேன்.

"அவ்வளவா? உங்க அண்ணன் டிஸ்க்குல பாதி எடத்துலயே எல்லாரும் ஏறிருவாகன்னுதான சொன்னான்."

"தலை மட்டும்னா அது போதும்ப்பா. ஆளோட ஆளா இருந்தா எடம் வேணும்."

மறுபடி இரைச்சல். போனைக் கீழே இறக்கிவிட்டார் போல, அவர் குரல் தூரத்தில் கேட்டது, என்னிடம் இல்லை, கடைக்காரரிடம். "இல்ல தம்பி, இது பத்தாது. பெருசா எடுங்க. மிஷின் பாக்குற பிள்ள சொல்லுது."